விண்டோஸ் மாற்றினால் எஸ்எஸ்டியைக் கவனிப்பது எப்படி?

முன்னுரை

போன தாளில் எட்டாம் வகுப்புத் தம்பி கறையான் புற்றைப் பற்றி நல்லா எழுதியிருந்தான். இந்தத் தாளில் நான் கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கிற எஸ்எஸ்டி பற்றி எழுதுகிறேன். இதைப் படிச்சுத் தெரிஞ்சுகிட்டு மட்டும் எழுதல. ஒரு தப்புப் பண்ணிட்டு, அதிலிருந்து கத்துக்கிட்டு எழுதுறேன். அதனால அந்தத் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் பாடத்துக்குப் போவோம்.

நான் செய்த தப்பு

எங்க அக்கா கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்காக அப்பா ஒரு பழைய லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். அதில் 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதனால் அக்கா தீபாவளி லீவு முடிஞ்சதும் டவுனில் ஒரு கடையில் கொடுத்து விண்டோஸ் 11 போட்டு வாங்கி வந்தாள். கடைக்காரர் பென்டிரைவ் வைத்துப் புதுசாகப் போட்டுக் கொடுத்திருந்தார். டிரைவை ஃபார்மேட் பண்ணவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் சி டிரைவ் சிவப்புக் கோடு காட்டியது. இடமே இல்லை. நான்தான் பெரிய ஆள் மாதிரி, "தள்ளுக்கா, நான் சுத்தம் பண்றேன்" என்று உட்கார்ந்தேன். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று உள்ளே போனேன். அங்கே 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்று 80 ஜிபிக்கு மேல் இருந்தது. பழைய விண்டோஸ்தானே, நமக்கு எதுக்கு என்று டிக் போட்டு அழித்தேன். சிவப்புக் கோடு நீலமாச்சு. எனக்கு ஒரே சந்தோஷம்.

ரெண்டு நாள் கழிச்சுத் தமிழ் ஐயா, "அப்பத்தா பாட்டு என்னாச்சும்மா?" என்று கேட்டார். 2024 ஐப்பசி நடவில் எங்க அப்பத்தா வயலில் பாடிய பாட்டையும், வீட்டில் பாடிய தாலாட்டையும் போனில் பதிவு செய்திருந்தேன். மொத்தம் 9 பாட்டு. போனில் இடம் பத்தலைன்னு லேப்டாப்பில் ஏற்றிவிட்டுப் போனில் அழித்துவிட்டேன். அந்த 9 பாட்டும் நான் டிக் போட்ட 80 ஜிபிக்குள் இருந்தது.

பாலிடெக்னிக் படிக்கிற பெரியப்பா மகன், அண்ணன், மீட்கிற சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தான். ஃபைல் பெயர் எல்லாம் வந்தது. 'அப்பத்தா நடவு 3' என்று நான் வைத்த பெயர் அப்படியே இருந்தது. திறந்தால் ஒரு சத்தமும் இல்லை. உள்ளே முழுக்க சைபர். "இதுவே பழைய ஹார்ட் டிஸ்க்கா இருந்திருந்தா எடுத்திருப்பேன். எஸ்எஸ்டில எடுக்க முடியாது பாப்பா" என்றான். ஏன் முடியாது? அதுதான் இன்றைய பாடம்.

ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எஸ்டியும்

ஹார்ட் டிஸ்க் என்பது சுற்றுகிற தட்டு. 1956-இல் ஐபிஎம் நிறுவனம் முதல் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தது. அதில் 24 அங்குலத் தட்டு 50 இருந்தது. மொத்தக் கொள்ளளவு சுமார் 5 எம்பிதான். இப்போது நாம் எடுக்கும் ரெண்டு போட்டோவுக்குக்கூடப் பத்தாது! இன்றைய ஹார்ட் டிஸ்க் ஒரு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றும். 7200 என்றால் ஒரு விநாடிக்கு 120 சுற்று. தட்டு சுற்றி, முள் நகர்ந்து, இடத்தைத் தேடி எடுக்க வேண்டும். அதற்குச் சுமார் 10 மில்லி விநாடி ஆகும்.

எஸ்எஸ்டி என்றால் சாலிட் ஸ்டேட் டிரைவ். இதில் சுற்றுவது, நகர்வது எதுவும் கிடையாது. எல்லாம் சிப்தான். பென்டிரைவிலும் மெமரி கார்டிலும் இருக்கிற அதே ஃபிளாஷ் நினைவகம். இதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் வேலை செய்த ஃபூஜியோ மசுவோகா. 1984-இல் இதை உலகுக்கு அறிவித்தார். கேமரா ஃபிளாஷ் அடிச்ச மாதிரி ஒரு பகுதி முழுவதும் ஒரே நொடியில் அழிவதால் அந்தப் பெயர். எஸ்எஸ்டியில் ஒரு தகவலை எடுக்க 0.1 மில்லி விநாடி போதும். அதனால்தான் பழைய கம்ப்யூட்டரில்கூட எஸ்எஸ்டி மாற்றினால் புதுசு மாதிரி ஓடுகிறது.

எஸ்எஸ்டி எப்படி எழுதுகிறது?

இதுதான் முக்கியமான இடம். கவனமாகப் படியுங்கள்.

எஸ்எஸ்டிக்குள் கோடிக்கணக்கான செல்கள் உண்டு. ஒவ்வொரு செல்லிலும் எலக்ட்ரான்களை அடைத்து வைப்பதுதான் எழுதுவது. பல செல் சேர்ந்தது ஒரு பக்கம். நூற்றுக்கணக்கான பக்கம் சேர்ந்தது ஒரு பிளாக்.

நம்ம வகுப்புக் கரும்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு விசித்திரமான விதி. எழுதும்போது ஒவ்வொரு வரியாக எழுதலாம். ஆனால் அழிக்கும்போது ஒரு வரியை மட்டும் அழிக்க முடியாது, பலகை முழுவதையும்தான் அழிக்க முடியும். எழுதின வரிக்கு மேலேயே திருப்பி எழுதவும் கூடாது. அப்போ ஒரு வரியை மாற்ற என்ன செய்வது? வேண்டிய வரிகளை வேறு பலகையில் பார்த்து எழுதிவிட்டு, இந்தப் பலகையைத் துடைக்க வேண்டும். பக்கத்தில் காலிப் பலகை இருந்தால்தான் இது வேகமாக நடக்கும். எஸ்எஸ்டியை நிரப்பி வைத்தால் மெதுவாவது இதனால்தான். 100-க்கு 15 முதல் 20 பங்காவது காலியாக வைப்பது நல்லது.

ட்ரிம் என்றால் என்ன?

நாம் ஒரு ஃபைலை அழிக்கும்போது நிஜமாக என்ன நடக்கிறது? ஒரு பையன் டி.சி. வாங்கிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபீசில் வருகைப் பதிவேட்டில் பெயரை அடிச்சிடுவாங்க. ஆனால் வகுப்புக்கு யாரும் சொல்லவில்லை. பையன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறான். ஹார்ட் டிஸ்க்கில் நடப்பது இதுதான். பெயர்தான் போகும், பாட்டு இருக்கும். அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்காரும் வரை மீட்டுவிடலாம்.

எஸ்எஸ்டிக்கு இது ஒத்து வராது. எந்த இடம் காலி என்று அதற்குத் தெரியாவிட்டால், வேண்டாத வரிகளையும் தூக்கிச் சுமந்து பலகை பலகையாக மாற்றி எழுதிக்கொண்டே இருக்கும். வேகம் குறையும், செல்லும் தேயும். அதனால் ஆபீசிலிருந்து வகுப்புக்கு உடனே ஒரு சீட்டு வரும்: "இந்த இந்தப் பெஞ்ச் காலி." இந்தச் சீட்டுக்குப் பெயர்தான் ட்ரிம். 2009-இல் வந்த விண்டோஸ் 7-இலிருந்து இந்த வசதி உண்டு. அதற்கு முந்தைய எக்ஸ்பி, விஸ்டாவில் கிடையாது. சீட்டு போனதும் பெரும்பாலான எஸ்எஸ்டி அந்த இடத்தைக் கேட்டால் சைபரைத்தான் காட்டும். அப்புறம் ஓய்வு நேரத்தில் நிஜமாகவே துடைத்துவிடும்.

அண்ணன் திறந்து பார்த்தபோது சைபர் வந்ததன் காரணம் இப்போது புரிகிறதா? எஸ்எஸ்டி கெட்டுப்போகவில்லை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. தப்பு என்மேல்.

விண்டோஸ் மாற்றியதும் செய்ய வேண்டியவை

1. முதலில் எதையும் அழிக்காதே. புதுசாகப் போடும்போது ஃபார்மேட் பண்ணாவிட்டால், பழைய ஃபைல்கள் எல்லாம் சி டிரைவில் 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்ற ஃபோல்டருக்குள் போய்விடும். அதற்குள் 'யூசர்ஸ்' ஃபோல்டரைத் திறந்து போட்டோ, பாட்டு, பாடக்குறிப்பு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். விண்டோஸை மேம்படுத்தினால் பழைய விண்டோஸைப் பத்து நாள்தான் வைத்திருக்கும், அப்புறம் தானாகவே அழித்துவிடும். அதனால் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று விடாதீர்கள். டெம்பரரி ஃபைல்ஸ் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' கூட இருக்கும். படிக்காமல் டிக் போடக்கூடாது.

2. விண்டோஸ் இதை எஸ்எஸ்டி என்று அறிந்துகொண்டதா என்று பாருங்கள். தேடும் இடத்தில் டிஃபிராக் என்று ஆங்கிலத்தில் அடித்தால் 'டிஃபிராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' வரும். அதில் 'மீடியா டைப்' என்ற இடத்தில் 'சாலிட் ஸ்டேட் டிரைவ்' என்று இருக்க வேண்டும். கீழே வாரம் ஒரு முறை நடக்கும்படி 'ஆன்' என்று இருக்க வேண்டும். விண்டோஸ் 8-இலிருந்து எஸ்எஸ்டிக்கு இந்தப் பொத்தான் செய்யும் முக்கிய வேலை, விட்டுப்போன ட்ரிம் சீட்டுகளை மொத்தமாகத் திருப்பி அனுப்புவதுதான். உபுண்டு லினக்ஸிலும் இதே வேலை வாரம் ஒரு முறை தானாக நடக்கிறது.

3. வேறு சாஃப்ட்வேர் போட்டு தினமும் டிஃபிராக் பண்ணாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கில் முள் அங்கும் இங்கும் ஓடாமல் இருக்கத்தான் ஃபைல்களை வரிசையாக அடுக்குவது. எஸ்எஸ்டியில் முள்ளே இல்லையே! வீணாக எழுதி எழுதிச் செல் தேய்வதுதான் மிச்சம்.

4. பூட்டுச் சாவியை எழுதி வையுங்கள். 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதுசாகப் போட்டால் பல கணினிகளில் டிரைவ் தானாகவே பூட்டப்படுகிறது. திறக்க 48 இலக்கச் சாவி வேண்டும். அதை நோட்டில் எழுதி வையுங்கள். அந்த லேப்டாப்புக்குள்ளேயே வைப்பது, வீட்டைப் பூட்டி உள்ளே சாவியைப் போட்ட கதை.

5. எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேர் புதுப்பித்தல் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபர்ம்வேர் என்பது எஸ்எஸ்டிக்குள்ளேயே ஓடும் சின்ன நிரல். 24எச்2 வந்த புதிதில் சிலவகை எஸ்எஸ்டி உள்ள கணினிகளில் நீலத்திரை வந்து வந்து நின்றது. காரணம் என்ன தெரியுமா? சில எஸ்எஸ்டிக்குச் சொந்தமாக ரேம் கிடையாது, கணினியின் ரேமில் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளும். அதுவரை 64 எம்பி கிடைத்தது. புது விண்டோஸ், எஸ்எஸ்டி கேட்ட 200 எம்பியையும் கொடுத்தது. அந்த எஸ்எஸ்டியின் நிரல் அதற்குத் தயாராக இல்லை. புது ஃபர்ம்வேர் வந்ததும் சரியானது. இதைச் செய்யும்போது லேப்டாப்பில் சார்ஜ் நிறைய இருக்க வேண்டும். நம்ம ஊர் கரண்டை நம்பி மேசைக் கணினியில் செய்யாதீர்கள், யுபிஎஸ் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

எந்த எஸ்எஸ்டி எந்தக் கணினிக்குப் பொருந்தும்?

எஸ்எஸ்டி வாங்கும்போது அளவை மட்டும் பார்த்தால் போதாது. மூன்று வகை உண்டு.

முதல் வகை, இரண்டரை அங்குல சாட்டா. பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும். வேகம் ஒரு விநாடிக்கு அதிகபட்சம் 550 எம்பி வரை.

இரண்டாம் வகை, எம்.2 சாட்டா. பார்க்கச் சூயிங்கம் பட்டை மாதிரி, 22 மில்லிமீட்டர் அகலம், பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளம். வேகம் முதல் வகை போலத்தான்.

மூன்றாம் வகை, எம்.2 என்விஎம்இ. பார்ப்பதற்கு ரெண்டாம் வகை மாதிரியே இருக்கும். ஆனால் மூன்றாம் தலைமுறையிலேயே 3500 எம்பி வரை ஓடும். துளை ஒத்துப்போவதால் மட்டும் வேலை செய்துவிடாது. தாய்ப்பலகை அந்த வகையை ஏற்குமா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 7-இல் என்விஎம்இ-க்கான டிரைவர் உள்ளேயே வராது, தனியாகச் சேர்க்க வேண்டும். விண்டோஸ் 8.1-இலிருந்து கூடவே வருகிறது.

விண்டோஸ் 11-க்கு 64 ஜிபி இடம், 4 ஜிபி ரேம், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப், யுஇஎஃப்ஐ முறை எல்லாம் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு மேல். பழைய கணினியில் டிரைவ் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். அதை ஜிபிடி முறைக்கு மாற்ற வேண்டும். விண்டோஸிலேயே 2017 முதல் அதற்குக் கருவி உண்டு. ஆனாலும் நகல் எடுக்காமல் தொடாதீர்கள். பயாஸில் ஐடிஇ என்று இருந்தால் ஏஎச்சிஐ என்று வைப்பது எஸ்எஸ்டிக்கு நல்லது. ஆனால் விண்டோஸ் போடுவதற்கு முன்பே வைக்க வேண்டும். போட்ட பிறகு சும்மா மாற்றினால் கணினி தொடங்காமல் நீலத்திரை வரலாம்.

எஸ்எஸ்டிக்கு ஆயுள் எவ்வளவு?

ஒரு செல்லில் எழுதி அழிப்பதற்கு எண்ணிக்கை உண்டு. அதனால் ஒரே இடத்தில் எழுதாமல் எல்லா இடத்திலும் மாற்றி மாற்றி எழுதும். சத்துணவு வரிசையில் வாளி தூக்குகிற வேலையை ஒருத்தனுக்கே கொடுக்காமல் முறை வைக்கிற மாதிரி.

ஒரு கணக்குப் போடுவோமா? 250 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றுக்கு 150 டெராபைட் எழுதலாம் என்று போட்டிருக்கிறது. நாம் ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதுவதாக வைத்தால்,

150 டெராபைட் = 1,50,000 ஜிபி
1,50,000 ÷ 20 = 7,500 நாள்
7,500 ÷ 365 = சுமார் 20 வருடம்.

ஆகவே சும்மா பயப்பட வேண்டாம். தேய்மானத்தால் போவதைவிட நம்ம கையால் போவதுதான் அதிகம். டிரைவின் உடல்நிலையைப் பார்க்க 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச சாஃப்ட்வேர் உண்டு.

இன்னொன்று. எஸ்எஸ்டியைக் கழற்றி வருஷக்கணக்கில் பீரோவில் வைத்து மறந்துவிடாதீர்கள். அடைத்த எலக்ட்ரான் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். நல்லா உழைத்துத் தேய்ந்த எஸ்எஸ்டி என்றால், சூடான இடம் என்றால், இன்னும் சீக்கிரம்.

உங்களுக்குத் தெரியுமா?

256 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினால் விண்டோஸ் 238 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. கம்பெனி 1000, 1000 ஆகப் பெருக்குகிறது. விண்டோஸ் 1024, 1024 ஆக வகுக்கிறது. அவ்வளவுதான்.

முடிவுரை

பாட்டு என்னாச்சு என்று கேட்பீர்கள். அந்த 9 பாட்டில் 2 பாட்டை நான் முன்பே அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். அது பிழைத்தது. மீதி 7 போயிடுச்சுன்னு அப்பத்தாகிட்ட அழுதேன். "அட போடி, இதுக்கா அழுவுற? இன்னொரு தடவ பாடிட்டுப் போறேன்" என்று திண்ணையில் உட்கார்ந்து பாடியது. 5 பாட்டு வந்தது. ரெண்டு நடவுப் பாட்டு மட்டும் வரவே இல்லை. முதல் அடியைப் பாடும், நின்றுவிடும், "அப்புறம் என்னமோ வருமேடி" என்று என் முகத்தைப் பார்க்கும். "அது குனிஞ்சு நாத்து வச்சாத்தான் வரும். உக்காந்தா வராது" என்று சொல்லிவிட்டது.

வருகிற ஐப்பசி நடவுக்கு நானும் வயலில் இறங்குவேன். அப்பத்தாவுக்கு முட்டிவலி. நடவுக்கு வருமோ என்னவோ. வந்தால் பதிவு செய்வேன். இந்தமுறை போனில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று, நம்ம பள்ளிக் கணினியில் ஐயா அனுமதியோடு ஒன்று, ஆக மூன்று இடத்தில் வைப்பேன். இப்போ இருக்கிற 7 பாட்டையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

உங்க வீட்டிலும் யாராவது விண்டோஸ் மாற்றப் போகிறார்கள் என்றால், கடைக்குக் கொடுப்பதற்கு முந்தின நாளே பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். எஸ்எஸ்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், பாட்டை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. வெள்ளம் வருமுன் அணை போடுவோம்.

யோசித்துப் பதில் சொல்லுங்கள்

1. ட்ரிம் சீட்டு போகாவிட்டால் எஸ்எஸ்டி ஏன் மெதுவாகிறது?
2. எஸ்எஸ்டிக்கு டிஃபிராக் ஏன் தேவையில்லை?
3. 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றில் 300 டெராபைட் எழுதலாம். ஒரு நாளைக்கு 40 ஜிபி எழுதினால் எத்தனை நாள் வரும்?

விடையை ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுங்கள். சரியாக எழுதியவர்கள் பெயர் அடுத்த தாளில் வரும். கேள்வி இருந்தாலும் கேளுங்கள், தெரிந்தால் சொல்வேன். தெரியாவிட்டால் அண்ணனிடம் கேட்டுச் சொல்வேன்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி